பட்டியில் கடிக்கும் ஈக்கள்: எந்தப் பொறியை, எங்கே வைப்பது?

ஐயா, வணக்கம். தொண்டிக்கு அருகிலுள்ள தங்கள் பட்டியில் வெல்லப்பாகு தடவிய ஒட்டும் அட்டையில் வீட்டு ஈக்கள் மட்டுமே சிக்குகின்றன என்றும், ஆனால் செம்மறிகளும் பிள்ளைகளும் பகலிலும் அந்தியிலும் கடிபடுவது நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கடிக்கும் ஈக்கள் அங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. குருதி தேடி வருபவற்றுக்கு வெல்லம் ஏற்ற இரையன்று.

பகலில் கடிப்பவை பெரும்பாலும் மாட்டு ஈயும், வீட்டு ஈயைப் போன்றே தோன்றினாலும் ஊசி போன்ற வாய் முன்னே நீண்டிருக்கும் தொழுவ ஈயும் ஆகும். பளிச்சென்ற நீலத் துணியையும் கறுப்புத் துணியையும் இணைத்து, மேலே வலைக்கூம்பு பொருத்திய பொறி இவற்றுக்கு ஏற்றது.

எனக்கு மிகுந்த கவலை தருவது அந்திக் கடிதான். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான, கொசுவலைக் கண்ணிலும் நுழையக்கூடிய சிறு பூச்சிகளே செம்மறிகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன. புறஊதா விளக்கும் சிறு விசிறியும் கொண்ட ஒளிப்பொறியைக் கடற்காற்று நேராகத் தாக்காத பக்கத்தில், அந்தி முதல் விடியும்வரை தொங்கவிடுங்கள். பலத்த காற்றிலும் நிலவொளியிலும் குறைவாகவே சிக்கும் என்பதால், அத்தகைய ஓரிரவின் எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் வாரந்தோறும் வைத்து ஒப்பிடுங்கள்.

பொறி நிலவரத்தைக் காட்டுமே தவிர, பூச்சியை ஒழிக்காது. சாணம் கலந்த ஈர வைக்கோலையும், கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசியையும் பட்டியருகே குவிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, தடுப்பூசி குறித்துக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.