அமெரிக்காவில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி ஏந்திக் கூடுவது, அந்த உரிமை கேட்பவர்களுக்கு உதவியதா, கெடுத்ததா?

கடைக்குள் போனபோதெல்லாம் கெடுத்தது என்பேன்.

டெக்சஸில் 2014-இல் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச்செல்லத் தடை. ரைஃபிளுக்கோ உரிமம்கூட வேண்டாம். இந்த முரணைக் காட்டத்தான் 'ஓபன் கேரி டெக்சஸ்' அமைப்பினர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். வாதம் சரியானதுதான். ஆனால் சிலர் அப்படியே சிபோட்லே உணவகத்துக்குள் போய்ப் படமும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் குழந்தைக்கு ஊட்டுகிறவருக்கு, வந்தவர் போராட்டக்காரரா கொலைகாரரா என்று எப்படித் தெரியும்? துப்பாக்கியோடு வராதீர்கள் என்று சிபோட்லே கேட்டுக்கொண்டது. டார்கெட் என்ற கடைச் சங்கிலியும் அதையே சொன்னது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கமே இதை விசித்திரம் என்று எழுதிவிட்டு, ஆர்வலர்கள் கொதித்ததும் பின்வாங்கியது.

ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை விஷயம் இன்னும் வேடிக்கை. மாநிலச் சட்டப்படி நடப்போம் என்று ஒதுங்கியிருந்த நிறுவனம் அது. அதற்கு நன்றி சொல்கிறோம் என்று ஆர்வலர்கள் துப்பாக்கியோடு போய்ப் போயே, 2013-இல் 'கொண்டுவராதீர்கள்' என்று அதன் தலைவரைச் சொல்லவைத்தார்கள்.

சட்டமன்றத்துக்குள் போனபோதும் இதே கதைதான். 1967-இல் கலிபோர்னியாவில், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச்செல்வதைத் தடைசெய்யும் மசோதாவை எதிர்த்து, கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஆயுதத்தோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். மசோதா நிறைவேறியது, ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். (அங்கே நிறவெறிக்கும் பங்குண்டு, அது தனிக்கதை.)

டெக்சஸில் 2016-இல் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம் என்றானதே என்பீர்கள். அதற்குத் துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையே போதும். சட்டமன்ற வாசலில், போலீசுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூடுவது வேறு. கடைகளுக்குள் ரைஃபிள் வேண்டாம் என்று 2014-இலேயே ஓபன் கேரி டெக்சஸ் அமைப்பும் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டது.