விறகு அடுப்பு பேக்கரியை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பி.காம். முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், சொந்த இடத்தில் அப்பா விறகு அடுப்பு பேக்கரி நடத்துகிறார். ரொட்டி, பன், ரஸ்க், மக்ரூன் போடுகிறோம். அப்பாவுக்கு முன்போல முடியவில்லை. நான் வந்து எடுத்து நடத்தினால் பிழைக்க முடியுமா? 2.5 லட்சம் ரூபாய் கட்டி பேக்கரி டிப்ளமோ படித்துவிட்டு வா என்கிறார் ஒருவர். மானியத்தோடு கடன் வாங்கிக் கொடுத்து மின்சார ஓவன் வைத்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். விறகுக்குத் தடை வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: பிழைக்கலாம். ஆனால் கடைகடையாக ரொட்டி பாக்கெட் போட்டுப் பிழைக்க முடியாது. உங்கள் கடிதத்தில் முதலில் ரொட்டியை எழுதியிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாக்கெட் ரொட்டியில் பெரிய நிறுவனங்களோடு உங்களால் விலையில் போட்டியிட முடியாது என்பதைவிட, ‘ரிட்டர்ன்’ என்ற வழக்கத்தோடு போட்டியிட முடியாது என்பதே உண்மை. மளிகைக் கடைக்காரர் விற்றதற்கு மட்டும் பணம் தருவார், விற்காததைத் திருப்பித் தருவார். ஒரு கணக்குக்காக, ஒரு பாக்கெட்டைச் செய்து கடையில் சேர்க்க 32 ரூபாய் ஆகிறது, கடைக்கு 36 ரூபாய்க்குப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பாக்கெட்டில் 15 திரும்பி வந்தால் கைக்கு வருவது 3,060 ரூபாய், செலவோ 3,200 ரூபாய். திரும்பியதை ரஸ்காக்கிச் சரிக்கட்டலாம் என்று உங்கள் அப்பா சொல்வார். நட்டம் குறையுமே தவிர, வண்டிக்கு ஊற்றிய பெட்ரோலும் கடைக்காரர் அடுத்த வாரம் தருகிறேன் என்று நிறுத்திவைத்த பாக்கியும் அதில் வந்துவிடாது. கணக்கு படித்தவர் நீங்கள். ஊருக்குப் போகும் அடுத்த முறை, ஒரு மாதத்துக்கு எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு கடனில் நிற்கிறது என்ற இரண்டை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். அடுப்பு இருக்கும் இடத்திலேயே சாலையைப் பார்த்த விற்பனை மேடை இருந்து, பக்கத்தில் தேநீரும் ஓடினால் ரொட்டியும் பன்னும் லாபம் தரும். கோயம்புத்தூர்ப் பக்கம் பேக்கரி என்றாலே டீக்கடைதான் என்று ஆகிவிட்டதற்குக் காரணம் இதுவே. அங்கே வண்டிச் செலவு இல்லை, ரிட்டர்ன் இல்லை, கடன் குறைவு. காலையில் மீந்த பன் மாலைக்குள் வெண்ணெய் தடவி விற்றுப்போகும். ஆனால் ‘சாலையைப் பார்த்த’ என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். உள்தெருவில் இருக்கும் அடுப்புக்கு இது பொருந்தாது. பிரதான சாலையில் வாடகைக்கு ஒரு கடை பிடித்துச் சரக்கை அங்கே கொண்டுபோவதும் இதில் சேராது, ஏனென்றால் வாடகையும் ஓர் ஆள் சம்பளமும் சேர்ந்ததும் நீங்கள் மறுபடியும் பழைய கணக்குக்கே வந்துவிடுவீர்கள். தேநீர் போடுகிறவர் வேறொருவராக இருந்து உங்களுக்கு வாடகை தருவதும் போதாது. தேநீர்க் காசு உங்கள் கல்லாவில் விழ வேண்டும்.

உங்களுடைய உண்மையான சொத்து மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றை வைத்துச் செய்யும் இந்தப் பண்டத்துக்குத் தூத்துக்குடியின் பெயரே விளம்பரம். விறகு அடுப்பு இதற்கு ஏன் ஏற்றது என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுப்பின் உள்ளறையில் கருவேல விறகை எரித்துச் செங்கலில் சூடேற்றி, தணலை வாரிவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மைதாவை வீசி அது எவ்வளவு வேகமாகச் சிவக்கிறது என்று பார்த்த பிறகுதான் ரொட்டி டின்கள் உள்ளே போகும். ரொட்டி வெந்த சூட்டில் பன், அது தணிந்ததும் பிஸ்கட், பிறகு ரஸ்க். எல்லாம் முடிந்து மிஞ்சிய மிதமான சூட்டில் மக்ரூன் இரவெல்லாம் மெதுவாகக் காயும். அந்தக் கடைசிச் சூட்டுக்கு நீங்கள் தனியாக விறகு வாங்கவில்லை. மின்சார ஓவனில் அதே நேரம் காயவைத்தால் மீட்டர் ஓடும். பிரித்த மஞ்சள் கரு கேக்குக்குப் போகிறது. நாமக்கல்லில் அறிவிக்கும் முட்டை விலையும் முந்திரி விலையும் ஏறும்போது தயங்காமல் விற்பனை விலையை ஏற்றுங்கள். வெளியூருக்கு வாங்கிப் போகிறவர் பத்து ரூபாய்க்காகத் திரும்பிப் போக மாட்டார். ஈரம் பட்டால் நமத்துவிடும் பண்டம் என்பதால் முதல் செலவு காற்றுப் புகாத பொதிக்குத்தான்.

விறகுக்குத் தடை வருமா என்ற பயம் நியாயமானது. மும்பையில் விறகு, கரி எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் மாற்று எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது உங்கள் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் புகைபோக்கியை இப்போதே உயர்த்திக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு மனு நீதிமன்றத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

டிப்ளமோவுக்கு 2.5 லட்சம் கட்டாதீர்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் ‘பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர்’ என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. கேக்கின் மேல் வைக்கும் ஃபாண்டன்ட் (சர்க்கரைப் பசை) பூ செய்யக் கற்றுக்கொண்டு வந்து ரஸ்க் விற்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த மானிய ஆலோசகர். அவர் குறிப்பிடுவது அநேகமாகப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டமாக இருக்கும். 2020-ல் தொடங்கிய அத்திட்டத்தில், தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியமாகக் கிடைக்கும். குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்கு. விண்ணப்பிக்க உதவுவதற்கென்றே மாவட்ட வள நபர் ஒருவர் இருக்கிறார், அவருக்கான பணத்தை அரசே தருகிறது. ஆக, ஆலோசகர் கேட்கும் கமிஷன் எதற்கு? கொட்டேஷனைக் கூட்டிப் போடுவதற்கு. 6 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு 9 லட்சம் என்று தாள் வாங்குவார். உங்கள் பங்கைக் கட்டவே வேண்டாம், விற்பனையாளர் ‘பார்த்துக்கொள்வார்’ என்பார். நேர்மையாகப் போனால் கடன் 5.4 லட்சம், மானியம் 2.1 லட்சம், உங்கள் தலையில் நிற்பது 3.3 லட்சம். அவர் வழியில் போனால் கடன் 8.1 லட்சம், மானியம் 3.15 லட்சம், நிற்பது 4.95 லட்சம். கூடுதலான அந்தப் பணத்தில் கமிஷன் போக, வரி போக உங்கள் கைக்கு என்ன வரும் என்பதை எந்தத் தாளிலும் எழுதித் தர மாட்டார். மானியமும் உடனே கையில் விழாது; கடனின் கடைசித் தவணை கிடைத்து மூன்று ஆண்டுகள் தொழிலும் நடந்து, கணக்கும் ஒழுங்காக இருந்தால்தான் கடனில் கழியும். இடையில் வங்கி ஆய்வுக்கு வந்து இயந்திரத்தின் உண்மை மதிப்பைப் பார்த்துவிட்டால் பொய்த்தாளில் கையெழுத்திட்டவர் நீங்கள், அவர் அல்ல.

இந்த ஆட்கள் பிழைப்பதற்கு அமைப்பே வழிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செங்கல் அடுப்பைச் செப்பனிடும் கொத்தனாரிடம் ஜி.எஸ்.டி. எண்ணும் கிடையாது, கொட்டேஷன் தாளும் கிடையாது. ஆகவே மூன்று தலைமுறை நின்ற அடுப்புக்குக் காசு கேட்டால் கோப்பு நகராது, பளபளக்கும் எஃகுப் பெட்டிக்குக் கேட்டால் நகரும். பாரம்பரிய உணவு என்று மேடையில் பேசுகிற அதே துறைகள், அந்த உணவு எதில் வேகிறது என்று ஒருமுறையாவது எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

சரக்குக் கொள்முதலில் ஓர் எச்சரிக்கை. ரொட்டி நன்றாக எழும்ப வேண்டும் என்று பொட்டாசியம் புரோமேட் கலந்த தூளை இன்னும் சில முகவர்கள் பெயர் மாற்றி விற்கிறார்கள். அது 2016-லேயே தடைசெய்யப்பட்டது. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம், ஆகவே பெயரில்லாத டின்னை வாங்காதீர்கள். கேக், பிஸ்கட் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.

வேலையை இப்போதே விட வேண்டாம். பண்டிகைக்கு முந்தைய இரண்டு மாதங்கள் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் இரவு அடுப்படியில் நின்று மக்ரூனைக் கற்றுக்கொள்ளுங்கள், பகலில் ரொட்டி போடும் கடைகளை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். மாதக் கடைசியில் உங்கள் சம்பளத்துக்குச் சமமான தொகை கல்லாவில் மிஞ்சினால் ராஜினாமா கடிதம் எழுதலாம். கடன் அதற்குப் பிறகுதான். அப்போதும் மேற்சொன்ன திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிட்டு, அப்பா பெயரில் ஏற்கெனவே யாராவது விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்த மானியம். ஆதார் நகலை அந்த ஆலோசகரிடம் அப்பா முன்பே கொடுத்திருந்தால் உங்கள் வாய்ப்பு அங்கேயே முடங்கிக் கிடக்கலாம்.