போர்டு தர்ற 24,000-ஐ அப்படியே அட்வான்ஸ்ல போட்றாதீங்க

கேள்வி: புளியந்தோப்பு பக்கம் போர்டு வீட்ல, அதான் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புல இருக்கோம். இடிச்சுக் கட்டப் போறாங்க, காலி பண்ண 24,000 தர்றாங்களாம். ஓட்டேரில ஒரு சிங்கிள் பெட்ரூம் பாத்தோம், வாடகை 6,000, ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேக்குறார். இந்தக் காச வச்சு எப்படி சமாளிக்கிறது? வெளிநாட்ல கவர்மெண்டே வாடகை கட்டுமாமே?

பதில்: வெளிநாட்டுக் கதைய முதல்ல முடிச்சிடுறேன் அக்கா. அமெரிக்கால வவுச்சர்னு ஒண்ணு இருக்கு, உங்க வருமானத்துல சுமாரா 30 சதவீதம் நீங்க போடணும், மிச்சத்த அங்க இருக்கற ஹவுசிங் ஆபீஸ் நேரா ஓனருக்கே கட்டிடும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வவுச்சர்னு வாயத் தொறந்ததும் வீடு இல்லன்னு சொல்ற ஓனருங்க அங்கயும் இருக்காங்க, வீட்ட செக் பண்ண ஆள் வரும், பேப்பர் வேலை இழுக்கும். அதனாலதான் 2022-ல அங்க ஃபிலடெல்ஃபியாங்கற ஊர்ல கொஞ்சம் குடும்பங்களுக்குக் காசாவே குடுத்துப் பாக்க ஆரம்பிச்சாங்க. காசுல ஒரு சௌகரியம், யார் குடுத்ததுன்னு ஓனருக்குத் தெரியவே தெரியாது.

உங்களுக்கு வர்றதும் காசுதான், ஆனா ஒரே தடவை. 2021-லதான் 8,000-லேர்ந்து 24,000 ஆக்குனாங்க. பேரு கருணைத்தொகை. கவர்மெண்ட் ஸ்டாஃபுக்கு சம்பளத்தோட வர்ற வீட்டு வாடகைப்படிய யாரும் கருணைன்னு சொல்றதில்ல, சரி அத விடுங்க.

கணக்குக்கு வருவோம். பத்து மாசம்னா 60,000. கையில 24,000, மிச்சம் 36,000-த்த மூணு வட்டிக்கு வாங்குனா மாசம் 1,080 வட்டி மட்டும். போர்டு புது வீடு கட்டி முடிக்க ஒன்றரை வருஷம்னே வச்சுக்கோங்க, அதுக்கே 19,440. அட்வான்ஸாவது காலி பண்றப்போ திரும்பி வரும், இந்த வட்டி வராது, போர்டு உங்களுக்குக் குடுத்த மாதிரி குடுத்து முக்கால்வாசி வட்டிக்காரர் வீட்டுக்குப் போகும்.

அதனால வாடகைய விட அட்வான்ஸ்ல பேரம் பேசுங்க. 2019-லேர்ந்து நடைமுறைல இருக்கற வாடகைச் சட்டம் சொல்ற அளவு மூணு மாச வாடகைதான், ஆனா அக்ரிமெண்ட்ல நீங்களே அதிகத்துக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா அப்புறம் பேசுறது கஷ்டம். எடுத்த எடுப்புல சட்டம் பேசாதீங்க, "அப்போ வேற வீடு பாத்துக்கோங்கம்மா"ன்னு கதவ சாத்திடுவாங்க. "அண்ணே, வாடகை 6,500 தர்றோம், அட்வான்ஸ் மூணு மாசம் வாங்கிக்கோங்க"ன்னு கேட்டுப் பாருங்க. மாசம் 500 கூடதான், ஆனா 1,080 வட்டிக்கு அது பரவால்ல. அட்வான்ஸ் 19,500 போக 4,500 மிஞ்சும், டெம்போவுக்கு ஆகும். மூணுக்கு எறங்கலன்னா அஞ்சு மாசம், அதையும் ரெண்டு தவணையா கேளுங்க.

அட்வான்ஸ ஜிபேலயோ பேங்க்லயோ போடுங்க, கைல குடுத்தா அக்ரிமெண்ட்ல தொகைய எழுதாம விடாதீங்க. பதினோரு மாச அக்ரிமெண்ட்னா எங்கயும் பதிய வேணாம்னு ப்ரோக்கர் சொல்லுவார், அது பழைய கதை, இப்போ எத்தன மாசம்னாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும், ஆன்லைன்லயே பண்ணலாம். கரெண்டுக்கு யூனிட் எவ்ளோன்னும் இப்பவே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, குழுக் கடன் டியூ பிடிக்கிற அக்கவுண்ட் நம்பர போர்டுல குடுக்காதீங்க. காசு ஏறுன அன்னிக்கே பாக்கிக்குப் பிடிச்சிக்கிட்டா போச்சு, ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் தனியா ஒண்ணு இருந்தா அதக் குடுங்க.

ஒதுக்கீட்டு ஆணை, அதான் இந்த வீட்ட ஒதுக்கி போர்டு குடுத்த பேப்பர், யார் பேர்ல இருக்குன்னு நீங்க எழுதல. எறந்துபோன மாமியார் பேர்லயே கெடக்குதுன்னா, சாமான் கட்டுறதுக்கு முன்னாடி அத மாத்துற வேலைய ஆரம்பிச்சிடுங்க. சாவி குடுக்குறப்போ குடுத்ததுக்கு ஒரு சீட்டு வாங்கி, அதையும் ஆணையையும் ஃபோட்டோ எடுத்து உங்க பொண்ணு ஃபோன்லயும் போட்டு வைங்க.