கைக்குழந்தைத் தூக்கம்: மிஸ்ஸியிடம் கேளுங்கள்

சிங்கப்பூரில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி நான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தூக்கம் பற்றி மட்டும் கேளுங்கள். மருந்து, பால் பவுடர் பிராண்டு எல்லாம் கேட்டால் பதில் வராது.

பொங்கோல், 5 வாரப் பையன்: மல்லாக்கப் போட்டால் கக்கிப் புரையேறிடும்னு மாமியார் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறாங்க. எது சரி மிஸ்ஸி?

மல்லாக்கத்தான். அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் அதற்குக் கீழே. கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கஷ்டம், வந்த வழியே இறங்கிவிடும் அல்லது குழந்தையே இருமி விழுங்கிவிடும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிறது. ஒருக்களித்துப் படுத்த குழந்தை குப்புற உருள ரொம்ப நேரம் ஆகாது. எதுக்களிக்கும் குழந்தைக்கும், வீட்டுக்கு வந்துவிட்ட குறைமாதக் குழந்தைக்கும் இதே பதில்தான்.

வேடிக்கை என்னவென்றால், மேற்கத்திய நாடுகளில் டாக்டர்களே குப்புறப் போடச் சொன்ன காலம் உண்டு. நன்றாக இருந்த கைக்குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவதைத் 'திடீர் மரணம்' என்பார்கள். 1985-ல் ஹாங்காங்கில் இந்தத் திடீர் மரணம் ஏன் இவ்வளவு அபூர்வம் என்று கேட்டு ஓர் ஆய்வு வந்தது. அங்கே மல்லாக்கப் போடுவதே வழக்கம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். 1991-ல் பிரிட்டனும் 1994-ல் அமெரிக்காவும் 'மல்லாக்கப் போடுங்கள்' என்று பெரிய பிரசாரம் செய்தன. சில வருடங்களில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கின. புது மருந்து எதுவும் இல்லாமலே.

செங்காங், 2 மாதம்: தலை உருண்டையா வர தேக்காவில் கடுகுத் தலையணை வாங்கினோம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பச்சைப்பயறுத் தோல் நிரப்பிய குட்டித் தலையணை தந்தாங்க, நெஞ்சு மேல வெச்சா திடுக்கிடாதாம்.

இரண்டும் வேண்டாம். ஒரு வயது வரை கட்டிலில் இறுக்கமான சமமான மெத்தை, அதற்கேற்ற விரிப்பு, குழந்தை. அவ்வளவுதான். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்துப் பஞ்சுத் தடுப்பு எதுவும் கூடாது. நெஞ்சில் வைத்தது நழுவி மூக்கில் உட்கார எத்தனை நேரம் ஆகும்? தலை தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

புது அப்பா, ஜூரோங்: ராத்திரி 3 மணிக்கு நான்தான் பால் புகட்டுவேன், மனைவி தூங்கட்டும்னு ஹால் சோபாவில் உட்கார்ந்து.

நல்ல அப்பா. ஆனால் சோபாவை விடுங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்: பெரியவர் குழந்தையோடு தூங்கிப்போக சோபாவைவிட ஆபத்தான இடம் வீட்டில் இல்லை. உங்கள் உடம்புக்கும் குஷனுக்கும் நடுவில் குழந்தை சொருகிக்கொள்ளும், நீங்கள் விழிக்கமாட்டீர்கள். தூக்கம் வருமோ என்று சந்தேகம் இருந்தால், தலையணை, போர்வை எடுத்துவிட்ட கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது அதைவிட மேல். விழித்ததும் குழந்தையை அதன் கட்டிலுக்கு மாற்றுங்கள். உங்கள் அறையிலேயே, தனிப் படுக்கையில், குறைந்தது 6 மாதம்.

யீஷூன், 3 மாதம்: ஸ்பிரிங்கும் மோட்டாரும் வெச்ச தூளியில்தான் தூங்குறா. கட்டிலில் போட்டா ஒரே அழுகை.

தூளியில் குழந்தை வில்லாக வளையும். முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை குறுகும், அந்த வயதில் தலையை நிமிர்த்தத் தெம்பு கிடையாது, துணியும் முகத்தில் ஒட்டும். மோட்டார் இருந்தால் ஆட்ட ஆள் தேவையில்லை, அதனால் பக்கத்தில் ஆளே இருப்பதில்லை. எனக்குப் பயம் அங்கேதான். பகல் தூக்கம் ஒன்றை மட்டும் முதலில் கட்டிலுக்கு மாற்றிப் பாருங்கள். சில நாள் அழுவாள், பழகிவிடும்.

பாட்டி, உட்லண்ட்ஸ்: நாலு பிள்ளைங்களையும் ஏணையிலதான் வளர்த்தேன். நீயும் ஏணையில கிடந்தவதானேம்மா?

கிடந்தேன் பாட்டி. பிழைத்தவர்கள்தானே இன்று வந்து பேச முடியும்? அன்று தூக்கத்தில் போன பிள்ளையை 'மாந்தம்', 'தோஷம்' என்று சொல்லி அடக்கம் பண்ணினார்கள், யார் கணக்கு வைத்தார்கள்?

புது அப்பா, ஜூரோங்: வெள்ளைக்காரன் சொல்றான்னு நம்ம பண்பாட்டை விடணுமா மிஸ்ஸி?

ஹாங்காங் எப்போது வெள்ளைக்காரன் ஆனது? மல்லாக்கப் போடுவது பாட்டி காலத்து வழக்கம்தான், அதில் பாட்டிகள் ஜெயித்தார்கள், தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். தொட்டில் போடும் சடங்கு செய்யுங்கள், தாலாட்டுப் பாடுங்கள், போட்டோ எடுங்கள். ராத்திரி முழுக்க அதில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சோபாவை விட்டீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாட்டி, உட்லண்ட்ஸ்: நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டினா?

கண் எடுக்காமல் இருந்தால் அழுகை அடங்கும் வரை ஆட்டுங்கள் பாட்டி. கண் மூடியதும் கட்டிலுக்கு. குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணிப் புகை, கழுத்தில் கட்டும் மணிக்கயிறு, இந்த இரண்டையும்கூட விட்டுவிடுங்கள். திருஷ்டிப் பொட்டு எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள்.

பெயர் வேண்டாம்: தங்கச்சியோட மூணு மாசக் குழந்தை தூக்கத்திலேயே போயிடுச்சு. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியல. போலீஸ் வீட்டுக்கு வந்தது அவளை உடைச்சிடுச்சு. அவ தப்பா?

இல்லை. பரிசோதனை, வீட்டைப் பார்வையிடுவது, மருத்துவ வரலாறு எல்லாம் பார்த்த பிறகும் காரணம் கிடைக்காதபோதுதான் 'திடீர் மரணம்' என்ற பெயரே வைக்கிறார்கள். 2 முதல் 4 மாதத்தில்தான் இது அதிகம், எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் நடக்கும். நாம் சொல்லும் வழிகள் ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. காரணம் தெரியாத மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதற்காகத்தான் போலீஸ் வந்தது. குற்றம் சாட்ட அல்ல. இதை அவளிடம் யாராவது நேராகச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் 'எப்படிப் படுக்க வெச்சே' என்று கேட்பதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

இந்தக் கேள்விக்குக் கீழே வேறு யாரும் கருத்துச் சொல்ல வேண்டாம்.

தெம்பனிஸ்: தடுப்பூசி போட்டதால் இப்படி ஆகுமா?

ஆகாது. இங்கே 2, 4, 6 மாதத்தில் ஊசி, இந்த மரணமும் அதே வயதில் அதிகம், அதனால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

பிடோக்: ஏர்கான் எத்தனை டிகிரி?

உங்களுக்கு மெல்லிய சட்டையில் சுகமாக இருந்தால் அவனுக்கும் சரி. பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் துணி அதிகம். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம்.

காலாங்: சுத்தி துணி கட்டித் தூங்க வைக்கலாமா? 4 மாதம், லேசா உருள்றான்.

உருள ஆரம்பித்தாச்சு என்றால் இன்றோடு நிறுத்துங்கள்.

சுவா சூ காங்: ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு முதுகுக்கு போல்ஸ்டர் கொடுத்தா?

மேலே முதல் பதில். போல்ஸ்டரும் கூடாது.

அங் மோ கியோ: 7 வாரம், உடம்பு சுடுது, 38.4. எப்படிப் படுக்க வைக்கணும்?

இங்கே உட்கார்ந்து தட்டாதீர்கள்! மூன்று மாதத்துக்குள் 38-ஐத் தொட்டாலே உடனே அவசரப் பிரிவு. கிளம்புங்கள்.

பாசிர் ரிஸ்: ஒருக்களிச்சு...

மல்லாக்க.

புக்கிட் பாஞ்சாங்: 4 மாத மகள் அடுத்த வாரம் குழந்தைப் பராமரிப்பு நிலையம் போறா. வீட்டில் பணிப்பெண்ணும் இருக்காங்க. தூங்க வைக்கிறது பத்தி அவங்ககிட்ட என்ன சொல்லணும்?

நல்ல கேள்வி. எப்போதும் மல்லாக்கவே தூங்கிய குழந்தையை வேறு யாரோ முதல்முறை குப்புறப் போடும்போது ஆபத்து இன்னும் கூடும். அதனால் ஆசிரியரிடம் வாயால் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். பணிப்பெண்ணுக்குச் செய்தே காட்டுங்கள், அவர் ஊரில் வேறு வழக்கம் இருக்கலாம். காரிலும் தள்ளுவண்டியிலும் தூங்கிவிட்டால் இறங்கியதும் கட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். சோபாவில் அவர் குழந்தையோடு டிவி பார்க்கக் கூடாது என்பதையும்.