சுவாசப்பைத் தண்ணீரை ஏன் ஊசி போட்டு எடுக்கவில்லை?

கேள்வி: டொக்டர், என் தம்பிக்கு 27 வயது. நிலாவெளியில் கரைவலை இழுக்கப் போனவனை மார்கழிக் கடல் இழுத்துவிட்டது. தூக்கி வந்தபோது இருமினான், சத்தி எடுத்தான். பிறகு நடந்தே வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்தான். பின்னேரம்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதல் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த நாள் எடுத்த படம் முழுக்க வெள்ளை. இப்போது திருகோணமலை ஆஸ்பத்திரி ஐசியுவில் மூச்சு மெஷினில் குப்புறக் கிடக்கிறான். சுவாசப்பையில் தண்ணி என்கிறார்கள். எங்கள் பெரியப்பாவுக்கும் முன்பு அதேதான். முதுகில் ஊசி போட்டு ஒரு லீட்டருக்கு மேல் எடுத்தார்கள், அன்றே மூச்சு லேசானது. தம்பிக்கு ஏன் எடுக்கவில்லை? எவ்வளவு தண்ணி என்று அளக்க முடியாதா? கொழும்பில் அதற்கு மெஷின் இருக்கிறதாம், கொண்டு போகவா? இளநீர் கொடுக்கலாமா?
– ஓர் அக்கா, நிலாவெளி

பதில்: தங்கச்சி, பெரியப்பாவுக்கு இருந்தது வேறு தண்ணீர், தம்பிக்கு இருப்பது வேறு. இரண்டையும் "சுவாசப்பையில் தண்ணி" என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டுப் போவது எங்கள் பிழை.

சுவாசப்பையைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை ஒன்று உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் கட்டினால், பைக்குள் நிற்கிற மாதிரி நிற்கும். ஊசியால் எடுத்துவிடலாம், எடுத்ததைப் போத்தலில் அளந்தும் காட்டலாம். பெரியப்பாவுக்கு நடந்தது அது. தம்பிக்கு நீர் இருப்பது சுவாசப்பையின் சதைக்குள்ளும், 30 கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய காற்றறைகளுக்குள்ளும். மழையில் ஊறின மண்சுவரிலிருந்து தண்ணீரை வாளியால் அள்ள முடியுமா? அங்கே ஊசி குத்தினால் தண்ணீர் வராது. ஓட்டை விழுந்து காற்றுக் கசியும். மெஷினில் இருப்பவருக்கு அது உயிராபத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நீர் முழுக்கக் கடல்தண்ணீர் இல்லை. உள்ளே போன கடல்தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் கடலின் உப்பு இரத்தத்தின் உப்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கருவாட்டுக்கு மீனை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்குமே, அதே வேலைதான். உப்பு தம்பியின் இரத்தக் குழாய்களிலிருந்தே நீரை இழுக்கிறது. காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சும் கழுவுப்பட்டுப் போகிறது. அறைச் சுவர் புண்பட்டுக் கசியத் தொடங்குகிறது. இதற்கெல்லாம் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்ததும், அவர் நடந்து வந்து பிளேன்டீ குடித்ததும் அதனால்தான்.

இனி அளவு. சுவாசப்பையின் நீரை உள்ளபடி அளக்க ஒரே வழி, அதை வெளியே எடுத்து ஈரத்தோடு ஒருமுறை, உலர்த்தி ஒருமுறை நிறுப்பதுதான். உயிரோடு இருப்பவரில் அது நடக்காது. ஆகவே எல்லா அளவையும் சுற்றிவளைத்துத்தான் எடுக்கிறோம்.

நீங்கள் கேள்விப்பட்ட மெஷின் அநேகமாக இதுவாக இருக்கும். கழுத்து இரத்த நாளத்தில் போட்ட குழாயால் 15 அல்லது 20 மில்லிலீட்டர் குளிர்ந்த சேலைனைச் சட்டென்று செலுத்துவார்கள். தொடைத் தமனியில் இன்னொரு குழாய். அதன் நுனியில் வெப்பமானி. குளிர் இதயத்தின் வலப்பக்கம் போய், சுவாசப்பையைக் கடந்து, இடப்பக்கம் வந்து தொடைக்கு இறங்கும்போது வெப்பமானி அதைக் கோடாக வரையும். கன்னியாவில் வெந்நீர் அள்ளிப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழியில் சூடு குறைந்திருக்கும் இல்லையா? இங்கே வழியில் குளிர் பிடிபடுகிறது. சுவாசப்பையில் நீர் கூடக்கூட அது குளிரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும், கோடும் இழுபடும். அந்த இழுவையிலிருந்து நீரின் அளவைக் கணக்கிடுகிறது மெஷின். ஒருமுறை போதாது, மூன்று முறை செய்து சராசரி எடுப்பார்கள்.

சுகதேகிக்கு ஒரு கிலோவுக்கு 3 முதல் 7 மில்லிலீட்டர். 10ஐத் தாண்டினால் நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கிலோ தராசில் ஏறிப் பார்க்கும் கிலோ அல்ல. வயிறு பெருத்தால் சுவாசப்பை பெருக்காது. அதனால் உயரத்தை வைத்துத்தான் எடையைக் கணிக்கிறோம். ஐசியுவில் ஒரு நேர்ஸ், தையல்காரர் மாதிரி அளவு நாடாவோடு வந்து, படுத்திருப்பவரை உச்சி முதல் குதிகால் வரை அளப்பதைக் கண்டால் பயப்படாதீர்கள். தம்பி 170 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் கணக்குக்கு அவர் 66 கிலோ. வழமையாக அவரிடம் 200 முதல் 460 மில்லிலீட்டர் நீர் இருக்கலாம். 660ஐத் தாண்டினால் தேக்கம். மூச்சு மெஷின் ஒரு மூச்சுக்கு ஊதும் காற்றையும் இதே கணக்கில்தான் வைக்கிறோம்: கிலோவுக்கு 6 மில்லிலீட்டர், அவருக்கு ஏறத்தாழ 400. கூட ஊதினால் புண்பட்ட சுவாசப்பை இன்னும் கிழிபடும்.

அந்தக் குளிர்ச் சேலைன் எண்ணுக்கும் ஓட்டை உண்டு. இரத்தமே போகாத பகுதிக்குள் குளிரும் போகாது. அங்குள்ள நீர் கணக்கில் வராது. அந்த எண் தெரிந்ததாலேயே கூடுதலானோர் பிழைத்தார்கள் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. குப்புறக் கிடக்கும் ஒருவரை மெஷினோடு 250 கிலோமீற்றருக்கு மேல் அம்புலன்சில் கொண்டுபோவது அதைவிடப் பெரிய ஆபத்து. பார்க்கும் வைத்தியர்கள் தாங்களே வேறு சிகிச்சைக்காக அனுப்பச் சொன்னால் அது வேறு கதை. அளப்பதற்காக மட்டும் கொண்டு போகாதீர்கள்.

அங்கேயே கட்டிலருகில் அளக்கிறார்கள், உங்களுக்குத்தான் அது அளவாகத் தெரியவில்லை. நெஞ்சில் ஜெல் பூசி ஸ்கான் வைப்பதைக் கண்டிருப்பீர்கள். காற்று நிறைந்த சுவாசப்பையில் திரையில் குறுக்குக் கோடுகள் தெரியும். நீர் ஊறியிருந்தால் உறையிலிருந்து திரையின் அடிவரை வெளிச்சமான நெடுங்கோடுகள் இறங்கி, மூச்சோடு சேர்ந்து ஆடும். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் மூன்று கோடு அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்கே கோளாறு. இப்படி நெஞ்சு முழுக்கப் பார்த்துப் புள்ளி போட்டு, நேற்றையதோடு ஒப்பிடலாம். எக்ஸ்ரேயைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு நீர் கணிசமாகக் கூடியிருக்க வேண்டும். ஆனால் ஊறியிருப்பது நீரா, சளியா, இரத்தமா என்று ஸ்கான் தனியாகச் சொல்லாது.

அடுத்தது இரத்தத்தின் ஒக்சிசன். மணிக்கட்டில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் ஒக்சிசன் அழுத்தத்தை, கொடுக்கும் ஒக்சிசனின் பங்கால் வகுப்போம். நீங்களும் நானும் 400ஐத் தாண்டுவோம். 60 சதவீத ஒக்சிசன் கொடுத்தும் இரத்தத்தில் 72தான் என்றால், 72ஐ 0.6ஆல் வகுக்க 120. 300க்குக் கீழே நோய், 200க்குக் கீழே நடுத்தரம், 100க்குக் கீழே கடுமை. இது தண்ணீரை அளக்கவில்லை, தண்ணீர் செய்த சேதத்தை அளக்கிறது. 120 நாளைக்கு 180 ஆனால் நான் சந்தோஷப்படுவேன்.

மூன்றாவது, கட்டிலின் காலடியில் தொங்கும் தாள். உள்ளே போன சேலைன், மருந்து, பால்மா. வெளியே வந்த சலம். மணிக்கு மணி எழுதுவார்கள். "தம்பி காய்ந்துபோகிறான், சேலைனைக் குறைத்துவிட்டார்கள்" என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதுண்டு. கசிகிற குழாயில் தண்ணீரைக் கூட்டினால் கசிவுதான் கூடும். அமெரிக்காவில் 1000 நோயாளிகளைக் கொண்டு செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், இரத்த அழுத்தம் நிலைப்பட்ட பிறகு நீரைக் கட்டுப்படுத்தியவர்கள் மெஷினிலிருந்து சராசரியாக இரண்டு நாளுக்கு மேல் முந்தி விடுபட்டார்கள். சலம் போகும் ஊசி கொடுப்பதும் அதற்குத்தான். ஆனால் அது கசிவை அடைக்காது. காற்றறைச் சுவரின் கலங்கள் உப்பை வெளியே தள்ள, நீரும் பின்னால் போகும். அந்தக் கலங்கள் குணமாக நாள் வேண்டும். குப்புறப் போடுவது, நசுங்கிக் கிடக்கும் முதுகுப் பக்க அறைகள் திறப்பதற்காக. தொடர்ந்து 16 மணித்தியாலமாவது வைத்திருப்பார்கள். முகம் வீங்கியிருக்கும், பார்த்து அழாதீர்கள், அது வடிந்துவிடும்.

வைத்தியரைக் காணும்போது "எவ்வளவு தண்ணி?" என்று கேட்காதீர்கள். ஒக்சிசன் நேற்று எத்தனை சதவீதம், இன்று எத்தனை என்று கேளுங்கள். நீர்க் கணக்கு கூட்டிலா, கழிவிலா என்று கேளுங்கள். மல்லாக்கத் திருப்பினபோது ஒக்சிசன் தாக்குப்பிடித்ததா என்றும் கேளுங்கள்.

கரையில் நிற்பவர்களுக்காக ஒரு சொல். மூழ்கியவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். வாந்தி சுவாசப்பைக்குள் போகும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், 1990க்கு அழையுங்கள். இருமியபடி எழுந்து நடந்தாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

இளநீரைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். அவருக்கு மூக்குக் குழாயால்தான் சாப்பாடு, அதுவும் அளந்து. இளநீரில் பொட்டாசியமும் உண்டு, அதை நினைத்தபடி ஏற்றக்கூடாது. வாங்கி வைத்திருந்தால் நீங்கள் குடித்துவிட்டு, இன்றிரவு ஆஸ்பத்திரி வாங்கிலில்லாமல் வீட்டில் போய்ப் படுங்கள்.