காம்பியாவின் பத்திரிகைகளும் அவற்றை ஒடுக்கிய சட்டங்களும்: கேள்வி பதில்

கேள்வி: காம்பியாவில் ஆங்கில நாளிதழ்களை வாங்கிப் படிப்போர் மிகச் சிலர்தானே? அவற்றைக் கண்டு ஓர் அதிபர் ஏன் அஞ்ச வேண்டும், ஐயா?

பதில்: விற்பனையை மட்டும் வைத்து அந்நாட்டுப் பத்திரிகைகளின் வலிமையை அளக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் மூன்று புறமும் சூழ, காம்பியா ஆற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 24 லட்சம். மக்கள் பேசுவது மண்டிங்கா, வொலோஃப், ஃபுலா முதலிய மொழிகள்; நாளிதழ்களோ ஆங்கிலத்தில் வருகின்றன. இந்த இடைவெளியை வானொலி நிரப்பியது. டரங்கா எஃப்.எம். என்ற தனியார் நிலையம் அன்றைய நாளிதழ்ச் செய்திகளை உள்ளூர் மொழிகளில் எடுத்துச் சொன்னதால், எழுத்தறியாதவர்களுக்கும் அவை எட்டின. அப்போதைய அதிபர் யாஹ்யா ஜாமேயின் அரசு அந்நிலையத்தை 2011இல் மூடியது. தேர்தலில் தோற்ற பிறகும் அவர் பதவி விலக மறுத்து நின்ற 2017 ஜனவரியில் மறுபடியும் மூடியது.

கேள்வி: டெய்டா ஹைதாரா எதற்காகக் கொல்லப்பட்டார்?

பதில்: 1991 டிசம்பர் 16 அன்று தொடங்கப்பட்ட 'தி பாயிண்ட்' இதழின் நிறுவனர்களில் ஒருவர் ஹைதாரா. அதிபரை நேரடியாக விளித்து எழுதிய பத்தி அவருடைய அடையாளம். 1994 இராணுவப் புரட்சியின் வழியே ஆட்சிக்கு வந்த ஜாமேயின் செயல்களை அதில் பெயர் சொல்லியே விமர்சித்தார்.

2004 டிசம்பர் 14 அன்று நாடாளுமன்றம் இரண்டு சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. ஒன்று, அவதூறுக்கும் அரசத்துரோக எழுத்துக்கும் குறைந்தது ஆறு மாதச் சிறை என்றது. மற்றொன்று, பத்திரிகை நடத்துவோர் கட்ட வேண்டிய பிணைத்தொகையை 1,00,000 டலாசியிலிருந்து (டலாசி அந்நாட்டு நாணயம்) 5,00,000 டலாசியாக உயர்த்தியது. என் பார்வையில் இரண்டாவதுதான் கொடியது. சிறைக்கு அஞ்சாத ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். அவ்வளவு பணம் வைத்திருந்தவர்கள் அரிது. இச்சட்டங்களை எதிர்த்துப் போராடப் போவதாக ஹைதாரா அறிவித்தார். இரண்டே நாளில், தம் இதழின் பதின்மூன்றாம் ஆண்டு நிறைவு நாளன்று இரவு, வீடு திரும்பும் வழியில் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் வந்த பெண் ஊழியர்கள் இருவர் காயமடைந்தனர்.

கேள்வி: கொலையாளிகள் தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: ஜாமே ஆண்ட காலத்தில் உருப்படியான விசாரணையே நடக்கவில்லை. காம்பியா அரசு தன் கடமையில் தவறிவிட்டதாக, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸின் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஜாமே நாட்டை விட்டு வெளியேறிய பின், உண்மை கண்டறியும் ஆணையத்தின் முன் 2019இல் சாட்சி சொன்ன முன்னாள் வீரர் ஒருவர், 'ஜங்லர்கள்' எனப்பட்ட அதிபரின் கொலைக்குழுவே இதைச் செய்தது என்றும், தாமும் அதில் பங்கேற்றதாகவும் ஒப்புக்கொண்டார். 2023 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் செல்லே நகர நீதிமன்றம், அக்குழுவின் ஓட்டுநராக இருந்த ஒருவருக்கு இக்கொலையிலும் பங்குண்டு எனக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதுவும் வேறொரு கண்டத்தில் கிடைத்த நீதி அது. ஜாமேயோ எக்குவடோரியல் கினியாவில் தஞ்சம் புகுந்திருக்கிறார்.

கேள்வி: காணாமற்போன பத்திரிகையாளரும் உண்டு என்று படித்தேன். அது உண்மையா?

பதில்: உண்மைதான். 'டெய்லி அப்சர்வர்' செய்தியாளர் சீஃப் எப்ரிமா மன்னே 2006 ஜூலையில் கைது செய்யப்பட்டார். அவரை விடுவித்து 1,00,000 டாலர் இழப்பீடு தருமாறு எகோவாஸ் நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டது. அவரைப் பிடித்து வைக்கவே இல்லை என்று அரசு மறுத்தது. அவர் வீடு திரும்பவே இல்லை.

கேள்வி: இப்போது நிலைமை மாறிவிட்டதா?

பதில்: பெரிதும் மாறியிருக்கிறது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2016இல் 145ஆம் இடத்தில் இருந்த நாடு 2022இல் 50ஆம் இடத்துக்கு வந்தது. 2021இல் தகவல் அறியும் சட்டமும் நிறைவேறியது. ஆனாலும், அதிபர் அடாமா பாரோவுக்குப் பின் யார் வருவார் என்பது பற்றிய செய்திக்காக 'தி வாய்ஸ்' இதழைச் சேர்ந்த இருவர் 2024 செப்டம்பரில் கைது செய்யப்பட்டனர். எழுத்தைக் குற்றமாக்கும் சட்டங்கள் பேச்சுரிமையை மீறுவதால் அவற்றைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும் என்று எகோவாஸ் நீதிமன்றம் 2018இலேயே சொல்லியிருந்தது. அவற்றில் எஞ்சியிருப்பவை ஏட்டில் உள்ளவரை, அடுத்து வரும் எந்த அதிபரும் அவற்றைக் கையில் எடுக்கலாம்.