கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் பைபிளில் 66. ஏன் இந்த வித்தியாசம்?

வித்தியாசம் பழைய ஏற்பாட்டில்தான். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக், மக்கபேயர் 1, 2 ஆகிய ஏழும், எஸ்தர், தானியேலின் சில கூடுதல் பகுதிகளும் கத்தோலிக்கருக்கு இணைத் திருமுறை, அதாவது வேதத்தின் பகுதியே. புராட்டஸ்டன்ட் வழக்கில் தள்ளுபடி ஆகமங்கள், அதாவது வேதத்தில் சேராதவை.

காரணம் மூலநூல். ஆதித் திருச்சபை பெரும்பாலும் பயன்படுத்திய கிரேக்க மொழிபெயர்ப்பில் இவை இருந்தன. யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இல்லை. 16-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள் எபிரேயத் தொகுப்பையே அளவுகோலாக எடுத்தார்கள். சீர்திருத்தவாதிகள் ஏற்காத, இறந்தோருக்காக மன்றாடும் வழக்கத்துக்குக் கத்தோலிக்கர் 2 மக்கபேயர் 12-ஐ ஆதாரம் காட்டுவதும் சர்ச்சையைக் கூர்மையாக்கியது.

ஆனாலும் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இவற்றைத் தூக்கி எறியவில்லை. தன் ஜெர்மன் பைபிளின் 1534 பதிப்பில் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்து, வேதத்துக்குச் சமமல்ல, வாசிக்க நல்லவை என்றார். ஆங்கிலிக்கன் சபையின் நிலையும் ஏறக்குறைய இதுதான்: நல்லொழுக்கத்துக்குப் படிக்கலாம், கோட்பாட்டை நிறுவ எடுக்கக் கூடாது. சட்ட விளக்க நூலை வக்கீல் படிப்பார். தீர்ப்பு நிற்பதோ சட்டப் பிரிவின்மேல், அதுபோல. 1611 கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இவை இருந்தன.

கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து சங்கம் 1546-இல் இவற்றைப் புதிதாகச் சேர்த்தது என்பது தவறு. 397 கார்த்தேஜ் சங்கப் பட்டியலிலேயே தோபித்தும் யூதித்தும் மக்கபேயரும் உண்டு.